மைனஸ் 20 பாகையில் எரியும் எஞ்சின் லைற்: கோளாறுக் கோட்களை அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சுருக்கம் இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டு முன்றலில் வெளியே நிறுத்தப்படும், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய நான்கு சிலிண்டர் பெற்றோல் கார். குளிர் மைனஸ் 20 பாகையைத் தொட்ட ஒரு காலையில் மஞ்சள் நிற எஞ்சின் லைற் எரிந்தது. கராஜில் எஞ்சின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தவர்கள் பி0171, பி0128 என்ற இரண்டு கோட்கள், அதாவது கணினி பதியும் கோளாறு இலக்கங்கள், இருப்பதாகச் சொல்லி, புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரை மாற்றி, கோட்களை அழித்துக் கொடுத்தார்கள். ஒரு கிழமை கழித்துக் கடுங்குளிர் திரும்பியதும் அதே இரண்டு கோட்களுடன் லைற் மீண்டும் எரிகிறது. காரை ஓடலாமா, இனி எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஓடலாமா என்பதற்குப் பதில். லைற் நிலையாக எரிகிறது, எஞ்சின் வழக்கம்போல இழுக்கிறது, நடுக்கம் இல்லை, வெப்பநிலை முள் சிவப்பை நெருங்கவில்லை என்றால் வேலைக்குப் போய் வரலாம். அடுத்த சில நாட்களுக்குள் பார்த்தால் போதும். அதே லைற் விட்டு விட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கு புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது என்பதே அதன் பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த உறுப்பின் விலை மற்றப் பழுதுகள் எல்லாவற்றின் செலவையும் விஞ்சக்கூடியது. சிவப்பு நிற எண்ணெய் லைற் எரிந்தால் ஒரு நிமிடமும் ஓடக்கூடாது. குளிர்காலத்தில் பலரைக் கலவரப்படுத்தும் இன்னொரு மஞ்சள் லைற், நடுவில் ஆச்சரியக்குறியுடன் இருக்கும் ரயர்ச் சின்னம். அதற்கும் எஞ்சினுக்கும் தொடர்பில்லை. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையும் ஒவ்வொரு முறையும் ரயரில் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் குறைவதால் அது எரிகிறது.

இனி உங்கள் காருக்கு வருவோம். குளிரில் மட்டும் வருகின்ற கோளாறைக் குளிரில் வைத்துத்தான் பிடிக்க முடியும், கோளாறு நடந்த கணத்தைப் பற்றிய பதிவை அழித்துவிட்டுத் தேடினால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதாகவே முடியும். உங்கள் விடயத்தில் இரண்டு வாய்ப்புகளும் ஒரேயடியாக இழக்கப்பட்டிருக்கின்றன: ஹீற்றர் போட்ட கராஜுக்குள் கார் சூடாகி நின்றது, கோட்களும் அழிக்கப்பட்டன. லைற் திரும்ப வந்திருப்பதை ஒரு வகையில் நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அழிந்த பதிவு மறுபடியும் கிடைத்திருக்கிறது. இந்த முறை யாரையும் அதை அழிக்க விடாதீர்கள்.

அந்தப் பதிவு என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். கனடாவில் 1998ஆம் ஆண்டு மொடலிலிருந்து விற்கப்பட்ட கார்களில் ஓபிடி-2 என்ற பொதுவான சோதனை முறை இருக்கிறது. ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசிச் சொருகியில் மலிவான புளூரூத் கருவியைப் பூட்டி, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். எஞ்சின் கணினி ஒரு கோட்டைப் பதிந்து லைற்றை எரிக்கும்போது, அந்தக் கணத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றியது, கார் என்ன வேகத்தில் போனது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் எத்தனை பாகையில் இருந்தது, சுமை எவ்வளவு, பெற்றோல் அளவை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொண்டிருந்தது என்பவற்றையும் சேர்த்துச் சேமிக்கிறது. ஸ்கானரில் இதை பிரீஸ் பிரேம் என்ற பெயரில் காணலாம். கோட் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைத் திறக்காமல் விடுபவர்களே அதிகம். ஆனால் நோயறிதலில் பாதி வேலை இந்த ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பி0171 பதிவானபோது கூலன்ற் 35 பாகை, வேகம் பூச்சியம், எஞ்சின் ஐடிலில் (வேக மிதியை அழுத்தாமல் மெதுவாகச் சுற்றும் நிலையில்) நின்றது என்று இருந்தால், காலையில் காரை இயக்கிச் சில நிமிடங்களில் வந்த கோளாறு அது. கூலன்ற் 62 பாகை, வேகம் மணிக்கு 105 கிலோமீற்றர் என்று இருந்தால், 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் சூடேற மறுக்கிறது என்று அர்த்தம். இரண்டும் இருவேறு பழுதுகள். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்சிசன் சென்சரை மாற்றியது ஏன் பயன் தரவில்லை என்பதும் இங்கேயே விளங்கும். பி0171 என்பது எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகமாகவும் பெற்றோல் குறைவாகவும் இருக்கிறது, கணினி பெற்றோலைக் கூட்டிக் கூட்டித் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்ற அறிவிப்பு. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஒட்சிசன் சென்சர். சென்சர் பழுதாகி இப்படிக் கோட் வருவது முடியாத காரியம் அல்ல. ஆனாலும் அது கடைசியில் சந்தேகிக்க வேண்டியது. சோதிக்காமல் அதை மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை என்பதே என் உறுதியான கருத்து. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால்தான் இந்தக் கோட் வருகிறது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. மைனஸ் 20 பாகைக் காற்று, 20 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 16 வீதம் அடர்த்தி கூடியது என்பது உண்மைதான். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர்கள் அதைக் கணக்கில் எடுத்துப் பெற்றோலை அதற்கேற்பக் கூட்டிவிடும். அளக்கப்படாமல் பின்கதவால் நுழையும் காற்றுத்தான் சிக்கல்.

எதையும் பிரிப்பதற்கு முன் பற்றரியைச் சோதியுங்கள். அதன் மீது எழுதியிருக்கும் சிசிஏ அளவு மைனஸ் 18 பாகையில் 30 வினாடிக்கு 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதைக் குறிக்கிறது. பழைய பற்றரி அந்த அளவில் பெரும்பகுதியை இழந்திருக்கும். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. இயக்கும் வினாடிகளில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே சரிந்தால், கணினிகளும் சென்சர்களும் தடுமாறி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோட்கள் கூட்டமாகப் பதிவாகலாம். உங்களிடம் இரண்டே கோட்கள், அவையும் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு என்பதால் பற்றரி முதற் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் ஐந்து நிமிடச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது, யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய, எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை. காரை இரவு முழுவதும் வெளியே விடுங்கள். காலையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஒன் நிலைக்குத் திருப்பி, ஸ்கானரில் கூலன்ற் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் வாசியுங்கள். எட்டுப் பத்து மணி நேரம் அசையாமல் நின்ற காரில் இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, தமக்குள் சில பாகை வித்தியாசத்துடன் இருக்க வேண்டும். வெளியே மைனஸ் 18, காற்று மைனஸ் 17, கூலன்ற் மைனஸ் 16 என்று வந்தால் இரண்டு சென்சர்களும் உண்மை பேசுகின்றன. காற்று மைனஸ் 17, கூலன்ற் 4 என்று காட்டினால் கூலன்ற் சென்சரோ அதன் வயரோ பொய் சொல்கிறது. எஞ்சின் உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருப்பதாக நினைத்துக் கணினி குளிர் எஞ்சினுக்குத் தேவையான பெற்றோலைக் கொடுக்காமல் விடும். இந்தச் சென்சர் குளிரக் குளிர மின்தடை கூடும் வகையைச் சேர்ந்தது: பல கார்களில் 80 பாகையில் சுமார் 300 ஓம், 20 பாகையில் 2,500 ஓம் அளவு, மைனஸ் 20இல் 15,000 ஓம் அளவு. சாலையில் தூவும் உப்பு அதன் சொருகிக்குள் பச்சைப் பாசிபோலப் படிந்து, தவறான வாசிப்பைத் தந்ததைப் பல கார்களில் கண்டிருக்கிறேன். எனவே சென்சரை வாங்குவதற்கு முன் சொருகியைக் கழற்றிப் பாருங்கள். வின்னிபெக், எட்மன்ரன் போன்ற இடங்களில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீற்றரை இரவில் பூட்டி வைப்பவர்கள், இந்தச் சோதனைக்கு அதைக் கழற்றிவிட வேண்டும்.

அப்படியே எஞ்சினை இயக்கிவிட்டுக் கூலன்ற் வெப்பநிலை ஏறுவதைக் கவனித்தால் பி0128இன் காரணமும் தெரிந்துவிடும். கூலன்ற் எவ்வளவு நேரத்தில் சூடேற வேண்டும் என்று கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கூலன்ற் ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்ராற் திறக்க வேண்டிய வெப்பநிலைக்குச் சுமார் 11 பாகை கீழே உள்ள அளவைக்கூட அந்த நேரத்துக்குள் எட்டாவிட்டால் இந்தக் கோட் வருகிறது. பெரும்பாலும் காரணம், மூடாமல் திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்ராற். எஞ்சினை இயக்கி ஐந்து நிமிடத்தில் ரேடியேற்றரின் மேல் குழாயைக் கையுறை இல்லாமல், காற்றாடிக்கும் பெல்ற்றுக்கும் விலகித் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்ராற் மூடியிருந்தால் எஞ்சின் 80 பாகையைத் தாண்டும்வரை அந்தக் குழாய் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே அது எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்ராற் திறந்தே கிடக்கிறது. நெடுஞ்சாலையில் கூலன்ற் 60 பாகைகளுக்கு இறங்கி, நெரிசலில் நின்றதும் ஏறுவதும், உள்ளே வரும் ஹீற்றர்க் காற்று இளஞ்சூடாகவே இருப்பதும் அதையே உறுதிப்படுத்தும். டாஷ்போட் முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய வெப்ப எல்லைக்குள் நடுவில் அசையாமல் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது.

தெர்மோஸ்ராற்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ற் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்தாலும் இதே கோட் வரும், குறைந்த கூலன்ற் எங்கோ கசிகிறது என்பதும் தெரியவேண்டிய செய்தி. அன்ரிபிறீஸும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ற் சுமார் மைனஸ் 37 பாகை வரை உறையாது. தண்ணீர் கலக்காத அன்ரிபிறீஸை ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அன்ரிபிறீஸின் முக்கிய மூலப்பொருளான எதிலீன் கிளைக்கோல் தனித்து மைனஸ் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும் என்பதால் அது ஆபத்தான நினைப்பு. வேறு நிறக் கூலன்ற்றைக் கையில் கிடைத்ததென்று கலக்கவும் வேண்டாம்.

இப்போது பி0171. பத்து வயதைத் தாண்டிய கார், கடுங்குளிரில் மட்டும் வருகிறது, பனி இளகினால் மறைகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் என் முதற் சந்தேகம் இன்ரேக் மனிபோல்ட் காஸ்கற் மீதே விழும். காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் மனிபோல்டுக்கும் அலுமினிய எஞ்சின் தலைக்கும் இடையில் உள்ள ரப்பர் வளையங்கள் அவை. வருடங்கள் போகப் போக அவை தட்டையாகிக் கடினமாகின்றன. குளிரில் சுருங்கி, இன்னும் இறுகி, மயிரிழை இடைவெளி விடுகின்றன. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது மனிபோல்டுக்குள் வலுவான வெற்றிடம் இருப்பதால், அந்த இடைவெளியால் அளக்கப்படாத காற்று உறிஞ்சப்படுகிறது. சூடேறியதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் சூடான கராஜில் எவ்வளவு திறமையானவர் தேடினாலும் அந்தக் கசிவு அகப்படுவதில்லை.

இதை எண்களிலே காணலாம். ஸ்கானரில், கணினி பெற்றோல் அளவில் செய்யும் திருத்தத்தைக் காட்டும் பியூவல் ட்ரிம் என்ற இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று அந்தக் கணத்துத் திருத்தம், மற்றது கணினி நாட்பட்டுக் கற்றுக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டினால் பூச்சியத்துக்கு மேலும் கீழும் 10 வீதத்துக்குள் இருப்பது ஆரோக்கியம். கூட்டுத்தொகை 25 வீதத்தை அண்மிக்கும்போது பெரும்பாலான கார்கள் பி0171ஐப் பதிகின்றன. இயக்கிய முதற் சில வினாடிகளில், ஒட்சிசன் சென்சர் சூடாகும்வரை, இந்த அளவுகளுக்குப் பொருளில்லை. ஸ்கானர் குளோஸ்ட் லூப் (கணினி ஒட்சிசன் சென்சரைப் பார்த்துப் பெற்றோலைத் திருத்தும் நிலை) என்று காட்டத் தொடங்கியதும் ஐடிலில் வாசியுங்கள். பிறகு காரை நிறுத்திய நிலையிலேயே எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து மறுபடியும் வாசியுங்கள். ஐடிலில் கூட்டல் 22, 2,500இல் கூட்டல் 5 என்று வந்தால் அது மனிபோல்டிலோ அதனோடு சேர்ந்த ரப்பர் குழாய்களிலோ உள்ள காற்றுக் கசிவு; எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது கசிவின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, ஐடிலில் இயல்பாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போதும் ட்ரிம் ஏறினால், பெற்றோல் பம்ப் பலவீனமாகிவிட்டது அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்புளோ சென்சரில் அழுக்குப் படிந்திருக்கிறது. அந்தச் சென்சருக்கென்றே விற்கும் தெளிப்பானால் அதைக் கழுவிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

கசிவுதான் என்று எண்கள் சொன்னால், இடத்தைக் கண்டுபிடிக்கப் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இன்ரேக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டை உள்ள இடத்தில் அது நூலாக வெளியே வரும். அந்தச் சோதனையைக் கார் உறைந்த நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையே காரைக் கராஜின் வெளி வளவில் விட்டுவிட்டு, காலையில் உள்ளே தள்ளி எடுத்தவுடன் முதல் வேலையாகச் செய்யச் சொல்வதே நடைமுறையில் எளிது. எரியக்கூடிய தெளிப்பானை மனிபோல்டைச் சுற்றி அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. சூடான புகைக்குழாய்க்கு அருகில் அது தீப்பிடிக்கக்கூடியது. வீட்டு முன்றலில் நீங்கள் அதைச் செய்வதை நான் விரும்பவில்லை.

இந்த இரண்டு கோட்களும் சேர்ந்து வந்திருப்பது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெர்மோஸ்ராற் திறந்து கிடப்பதால் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எனவே சில நிமிடங்களில் அடைபட்டிருக்க வேண்டிய காஸ்கற் இடைவெளி பயணம் முழுவதும் திறந்திருக்கிறது. இந்த ஊகம் சரியானால், தெர்மோஸ்ராற்றை மட்டும் மாற்றினாலே பி0171 கொஞ்ச நாளைக்கு மறையக்கூடும். அது குணமாகிவிட்டதென்று எண்ணக்கூடாது; அடுத்த கடுங்குளிரில் காஸ்கற் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் கோட்களுக்கு நேரடியாகத் தொடர்பில்லாவிட்டாலும், இதே குளிரில் லைற்றை எரிக்கும் வேறு சிலவும் உண்டு. பெற்றோல் மூடியின் ரப்பர் விறைத்தோ அதில் பனி ஒட்டியோ ஆவி கசிந்தால் பி0455, பி0457 போன்றவை வரும். மூடியைத் துடைத்து இறுக்கிய பிறகும் லைற் பல நாள் அணையாமல் இருப்பது கண்டு பயப்பட வேண்டாம். அந்த ஆவிச் சோதனையைப் பல கார்கள் வெளி வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகைக்கு மேலும், தாங்கி முழுதாக நிரம்பாமலும் காலியாகாமலும் இருக்கும்போதே நடத்துகின்றன. பனி அள்ளுவதற்காகக் காரை இயக்கி, சில மீற்றர் நகர்த்தி, உடனே நிறுத்துவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கும் பழக்கம். குளிர் எஞ்சினுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட பெற்றோல் எரிந்து தீராமல் பிளக்குகளை நனைத்துவிட, அடுத்த முறை எஞ்சின் நடுங்கி, லைற் மின்னும். நகர்த்தினால் சில நிமிடமாவது ஓடவிட்டு நிறுத்துங்கள். எஞ்சின் எண்ணெயும் கவனிக்க வேண்டியது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் அதன் குளிர்காலத் தரம்: 0டபிள்யூ எண்ணெய் மைனஸ் 35 பாகையிலும், 5டபிள்யூ மைனஸ் 30 பாகையிலும், 10டபிள்யூ மைனஸ் 25 பாகையிலும் எஞ்சினைச் சுற்றவிடும் தரத்துக்குச் சோதிக்கப்படுகின்றன. உற்பத்தியாளர் 0டபிள்யூ-20 கேட்ட காரில் தடித்த எண்ணெயை ஊற்றினால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வு நேரக் கட்டுப்பாடு மந்தமாகி பி0011 போன்ற கோட் வரலாம்.

இவற்றுள் நான் அதிகம் அஞ்சுவது பிசிவி என்ற எஞ்சின் மூச்சுக்குழாயில் பனி அடைப்பது. குறுகிய பயணங்களாலும் சூடேறாத எஞ்சினாலும் உள்ளே சேரும் நீராவி, எண்ணெய் மூடியின் அடிப்புறத்தில் வெண்ணெய்போல் மங்கிய மஞ்சளில் ஒட்டியிருக்கும். மூச்சுக்குழாய் உறைந்து அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி எண்ணெய்ச் சீல்களையே வெளியே தள்ளிவிடலாம். தெர்மோஸ்ராற் பழுதை வசந்தம்வரை தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியமான காரணம்.

ஒன்ராறியோவில் பயணிகள் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரல் 1உடன் நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த லைற்றோடு வருடக்கணக்கில் ஓடுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த லைற் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், புதிதாக வரும் இரண்டாவது கோளாறை, அது லைற்றை மின்ன வைக்கும் வகையாக இல்லாவிட்டால், அறிவிக்க அதற்கு வழியில்லை.

ஆகவே இந்தக் கிழமை செய்ய வேண்டிய ஒழுங்கு இது. இன்றிரவே பிரீஸ் பிரேமைப் படமெடுங்கள். நாளைக் காலை, இயக்குவதற்கு முன் கூலன்ற் மட்டத்தையும் இரண்டு வெப்பநிலைகளையும் பார்த்து, பிறகு மேல் குழாயைத் தொட்டுத் தெர்மோஸ்ராற்றையும், ஐடிலிலும் 2,500 சுற்றிலும் ட்ரிம்மையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு கராஜுக்குப் போய், கோட்டை அழிக்காமல், குளிர்ந்த காரில் புகைச் சோதனை செய்து, கசிவு கண்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் காணாத பழுதுக்குப் புதிய பொருள் வாங்கச் சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்ராற்றும் காஸ்கற்றும் மாற்றிய பிறகு லைற் அணையும் வரை ஸ்கானரால் அழிக்காமல் ஓடிப் பாருங்கள். பழுது தீர்ந்திருந்தால், அந்தச் சோதனைகள் தொடர்ச்சியாக மூன்று பயணங்களில் நல்லபடி முடிந்ததும் கணினி தானாகவே லைற்றை அணைக்கும்.